மகள் கையெழுத்துப் போட்டுவிட்டாள், இனி வழக்கு எதற்கு?

யாழ்ப்பாணம் வடமராட்சியிலிருந்து ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர் ஒருவர் எட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு 22 வயது, பல்கலைக்கழக மாணவி. இரவில் டிப்பர்களில் கரையோர மணல் அள்ளிப் போவதை எதிர்த்து ஊர்ச்சனம் ஒரு ஞாயிறு காலை வீதியோரம் பதாகையோடு நின்றது. மகள் ஒலிவாங்கியை வாங்கிப் பத்து நிமிடம் பேசினார். அதை யாரோ முகநூலில் போட்டுவிட்டார்கள். மறுநாள் சிவில் உடையில் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டில் யார் யார், வெளிநாட்டிலுள்ள மகன் என்ன வேலை செய்கிறார், காசு அனுப்புகிறாரா என்று கேட்டார்கள். அதற்கு அடுத்த நாள், 7ஆம் திகதி, ‘ஒரு சின்ன விசாரணை’ என்று பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். கூடப் போன தாயை வெளியே வாங்கில் இருத்திவிட்டு, மகளைக் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை உள்ளே வைத்திருந்தார்கள். கைப்பேசியை வாங்கிக்கொண்டார்கள், பற்றுச்சீட்டு இல்லை. சிங்களத்தில் எழுதிய இரண்டு பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இனி இப்படிக் கூட்டத்தில் நின்றால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் போடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அடிக்கவில்லை.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: “மகள் வழக்குப் போடவேணும் எண்டு நிக்கிறாள். நான் வேண்டாம் எண்டிறன். உந்தச் சோலி எங்களுக்கு ஏன்? ஜனநாயகம் எண்டால் வோட்டுப் போடுறது, அதைத் தவறாமல் போடுறம். மனித உரிமைச் சட்டம் ஜெனீவாவிலை இருக்கிற சாமான். இஞ்சை கையெழுத்தையும் வாங்கிப்போட்டாங்கள். மூண்டு மாதத்துக்குள்ளை யோசிச்சு முடிவெடுக்கலாமாம். எம்.பி. ஒருவரைப் பிடிச்சுப் போனை எடுக்கிறதோ, நேரே ஜெனீவாவுக்கு எழுதுறதோ, எது நல்லது?”

ஐயா, உங்கள் கோபமும் பயமும் விளங்குகிறது. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசிப் பக்கத்தில் நீங்கள் எழுதியவற்றில் பாதிக்கு மேல் பிழை. ஒன்று மட்டும் ஆபத்தான பிழை. அதை முதலில் எடுக்கிறேன்.

மூன்று மாதம் இல்லை, ஒரு மாதம்

அடிப்படை உரிமை மீறப்பட்டால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் கடிதம் என் கைக்கு வந்தது 18ஆம் திகதி. பதினொரு நாள் அதற்குள் போய்விட்டது. இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருந்தால் மீதியும் போய்விடும் என்பதால்தான் கடிதத்தை வாசித்த கையோடு உங்களுக்கு அழைப்பெடுத்து நாட்கணக்கை மட்டும் சொன்னேன். இப்போது எழுதுவது உங்களுக்கும், இதே நிலையில் இருக்கக்கூடிய மற்றவர்களுக்கும்.

அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் 13ஆம் பிரிவில் அப்படிச் சொல்கிறது. யாழ்ப்பாணத்திலேயே ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் உண்டு. ஆனால் முறைப்பாட்டுத் துண்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. உண்மையில் விசாரணை நடந்துகொண்டிருந்தது என்று காட்டு என்று நீதிமன்றம் கேட்கும். நல்ல வழக்குகள் இந்த இடத்தில் தட்டுப்பட்டு விழுந்திருக்கின்றன. ஆகவே முறைப்பாட்டையும் செய்யுங்கள், ஒரு மாதக் கெடுவுக்குள் மனுவும் ஆயத்தமாக இருக்கட்டும்.

அது கைதா?

‘கைது செய்யவில்லை, விசாரிக்கத்தானே கூப்பிட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பொலிசாரும் இதைத்தான் சொல்வார்கள். விலங்கு போட்டால்தான் கைது என்ற எண்ணம் நம் ஊரில் பரவலாக உண்டு. நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கில் பிரதம நீதியரசர் சர்வானந்தா அதை அப்போதே மறுத்துவிட்டார். விருப்பமில்லாத ஒருவரைப் பொலிஸ் நிலையத்துக்கு வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தியதே சட்டத்தின் கண்ணில் கைதுதான் என்றது அந்தத் தீர்ப்பு.

உங்கள் மகள் விடயத்தில் நீதிமன்றம் பார்க்கப்போவது இதைத்தான்: ஒன்பது மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் ‘நான் போகப் போகிறேன்’ என்று எழும்பியிருந்தால் விட்டிருப்பார்களா? அவர் எழும்பிப் பார்த்தாரா, யாராவது இருத்தினார்களா, சாப்பிட விட்டார்களா, பெண் பொலிஸ் அங்கே இருந்தாரா என்று கடிதத்தில் இல்லை. மகளை நினைவு மங்குவதற்கு முன் ஒரு கொப்பியில் நேரம் போட்டு எழுதச் சொல்லுங்கள். தாயும் தான் கண்டதைத் தனியாக எழுதட்டும். இருவரும் சேர்ந்திருந்து ஒரே மாதிரி எழுத வேண்டாம். சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகும் இரண்டு சத்தியக்கடதாசிகளை எந்த நீதியரசரும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

அது கைதென்றால், காரணம் சொல்லியிருக்க வேண்டும். 13ஆம் உறுப்புரையின் முதல் வரியே அது. கைதில்லை என்று நீதிமன்றம் சொன்னாலும் வழக்கு அதோடு முடியாது. அமைதியாகக் கூடுவதும் பேசுவதும் 14ஆம் உறுப்புரையில் இருக்கின்றன. அவற்றைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம். பொலிஸ் நிலையத்தில் ஒருவர் விரலை நீட்டி ‘இனி நிற்காதே’ என்றால் அது சட்டம் ஆகாது.

கையெழுத்தும் கைப்பேசியும்

கையெழுத்துப் போட்டதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். இல்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவுப்படி, வாக்குமூலத்தை வாசித்துக் காட்ட வேண்டும். எழுதப்பட்ட மொழி விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். திருத்தவும் கூட்டிச் சேர்க்கவும் இடம் கொடுக்க வேண்டும். அதோடு, வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லை என்பது பொலிசின் பிரச்சினை, உங்கள் மகளின் குற்றம் அல்ல. சாதாரண சட்டத்தில் பொலிசாருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் சாட்சியமாகவும் ஏறாது. விதிவிலக்கு பயங்கரவாதத் தடைச் சட்டம்தான்: உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தது ஏறும். 2022இல் செய்த திருத்தமும் இதில் கைவைக்கவில்லை. அந்த வெருட்டு ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கைப்பேசிக்கு வருவோம். பொலிஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால் நீதவானுக்கு அறிக்கையிட வேண்டும். உங்கள் பகுதி நீதவான் நீதிமன்றத்தில் சட்டத்தரணி ஒருவர் மூலம் நகர்த்தல் பத்திரம் (விண்ணப்பம்) போட்டுக் கேட்கலாம். பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபாலின் அருமை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ‘போனுக்குள் இருக்கிற படங்களைப் பார்த்தது தனியுரிமை மீறல், அதற்கு நட்டஈடு’ என்று கேட்டால் அது அவ்வளவு லேசில் நிற்காது. நம் அடிப்படை உரிமைப் பட்டியலில் தனியுரிமை என்று ஒன்று தனியாக எழுதப்படவில்லை. மனுவில் அதை முன்னுக்கு வைக்க வேண்டாம்.

‘ஜனநாயகம் எண்டால் வோட்டுத்தானே’

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் 1982 டிசம்பர் 22இல் வாக்குப் போட்ட வயதினர். அன்றைய சர்வஜன வாக்கெடுப்பு ஞாபகம் இருக்கும்: ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். 1977இல் தெரிவான பாராளுமன்றம், பொதுத்தேர்தலுக்குப் போகாமலே இன்னும் ஆறு வருடம் இருக்கலாமா என்பதுதான் கேள்வி. யாழ்ப்பாணம் பெருவாரியாகக் குடத்துக்குப் போட்டது, நாடு முழுவதுமாக விளக்கு வென்றது. அதாவது வாக்குப் போட்டே தேர்தலை நிறுத்தினார்கள். வாக்கு மட்டும் காவல் என்று இருந்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் வாழ்நாளிலேயே பார்த்தாயிற்று.

அதே வாக்கெடுப்பில் ‘பவிதி ஹண்ட’ என்ற மதகுருமாரின் அமைப்பு குடத்துக்குப் போடச் சொல்லித் துண்டுப்பிரசுரம் அடித்தது. பொலிஸ் அதைப் பறித்தது. ஒரு தேரர் உயர் நீதிமன்றம் போனார், பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று தீர்ப்பும் வந்தது, சம்பந்தப்பட்ட அதிகாரி பத்தாயிரம் ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அப்புறம் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அரசாங்கம் அந்த அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்தது. உங்கள் மகள் வழக்குப் போடுவதென்றால் இதையும் தெரிந்துகொண்டு போடட்டும். தீர்ப்பு வந்தவுடன் எல்லாரும் திருந்திவிடுவார்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு வீண்போகவில்லை. மேளமும் மணியும் அடித்து எதிர்ப்புக் காட்டியவர்களின் வழக்கில் 1993இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, அரசாங்கத்தை விமர்சிப்பது பேச்சுச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று தெளிவாக எழுதினார். உங்கள் மகளின் பத்து நிமிடப் பேச்சுக்கு நான் முதலில் எடுத்து வைக்கும் தீர்ப்பு அது. மேளம் அடித்ததே பேச்சு என்றால், ஒலிவாங்கியில் பேசியது பேச்சில்லையா?

பாருங்கள், இவற்றை நடத்தியவர்களில் பலர் தெற்குச் சிங்களவர்கள். ‘ஜெனீவாக்காரர் எங்களுக்காகக் கொண்டுவந்தது’ என்று நீங்கள் நினைக்கும் சட்டம், கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், இந்த நாட்டு ஆட்கள் போட்ட வழக்குகளில் கட்டப்பட்டது. மறுபக்கமும் நடந்திருக்கிறது. 2018 நவம்பரில் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் காலத்துக்கு முந்திக் கலைத்தபோது அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனவர்களில் ஒருவர் இரா. சம்பந்தன். டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒரே குரலில் கலைப்புச் செல்லாது என்றார்கள். அது எந்த வகை வழக்கு தெரியுமா? உங்கள் மகள் போட நினைக்கிற அதே வகை, அடிப்படை உரிமை மனு. வாக்கு எண்ணிக்கையில் ஒருநாளும் பெரும்பான்மையாக வர முடியாத ஒரு தமிழ்க் கட்சித் தலைவரின் மனு, முழு நாட்டின் பாராளுமன்றத்தையும் திருப்பி எடுத்துக் கொடுத்தது.

நீங்கள் தவறாமல் போடும் வாக்கையும் இதே சட்டம்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. 1998இல் ஐந்து மாகாண சபைகளின் தேர்தலை அவசரகால ஒழுங்குவிதியால் நிறுத்தினார்கள். வாக்களிப்பதும் கருத்தை வெளியிடும் ஒரு வகையே என்று சொல்லி, 1999 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தேர்தலை நடத்தச் சொன்னது. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்று தள்ளிப்போனது. அதுவும் அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் தீர்ப்பு வந்தது, 2025 மே 6இல் போய் வாக்குப் போட்டோம். எங்கள் வடமாகாண சபையை எடுங்கள். 2013 செப்ரெம்பரில் தெரிந்தோம், 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது, அதன்பின் தேர்தலில்லாமல் வருடக்கணக்காகக் கிடந்தது. வாக்குப் போட விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறோம், பெட்டியைக் கொண்டு வருவதும் வராததும் வேறு ஆட்கள் கையில். அந்த இடத்தில் கேள்வி கேட்கப் பேச்சுரிமையும் கூடும் உரிமையும் நீதிமன்றமும் இல்லாவிட்டால் எதைக் கொண்டு கேட்பது?

இந்தச் சட்டத்துக்கும் ஓட்டை உண்டு. பாராளுமன்றம் நிறைவேற்றி முடித்த சட்டத்தைச் செல்லாது என்று நீதிமன்றம் சொல்ல முடியாது. அதனால்தான் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நேரே உடைக்க வழியில்லை. அதன் கீழ் ஓர் அதிகாரி செய்ததைத்தான் கேள்வி கேட்கலாம். பழைய சட்டங்களை 16ஆம் உறுப்புரை காப்பாற்றி வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான நம் தேசவழமையில் மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கக் கணவன் சம்மதம் வேண்டும் என்பதும் அந்தக் காப்பில்தான் இன்னும் நிற்கிறது. சமத்துவம் பற்றிக் கொழும்பைக் கேட்கும் நாங்கள் இதைப் பற்றி அதிகம் வாய் திறப்பதில்லை. சரி, அது வேறு கதை.

எந்தக் கதவைத் தட்டுவது?

எம்.பி.யைப் பிடித்தால் கைப்பேசி அநேகமாக வந்துவிடும். இதை மறுக்க மாட்டேன். ஆனால் எந்தப் பதிவும் இருக்காது. நாளைக்கு இன்னொரு கூட்டத்துக்குப் பிறகு அதே இருவர் வீட்டுக்கு வந்தால், முதல்முறை நடந்ததற்குக் கையில் ஒரு துண்டும் இராது. எம்.பி.யோடு பேசுவதென்றால் முறைப்பாட்டைப் பதிந்த பிறகு பேசுங்கள்.

ஜெனீவாவில் இரண்டு வேறு இடங்கள் இருக்கின்றன, நம் ஆட்கள் இரண்டையும் குழப்புகிறார்கள். மார்ச்சிலும் செப்ரெம்பரிலும் செய்தியில் அடிபடுவது மனித உரிமைகள் பேரவை. அது அரசுகள் கூடும் இடம், உங்கள் மகளின் கைப்பேசிக்குத் தீர்ப்புச் சொல்லாது. தனி ஆள் முறையிடக்கூடியது மனித உரிமைகள் குழு. இலங்கை 1997இல் அந்த வழியைத் திறந்தது. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தண்டிக்கப்பட்ட சிங்கராசா என்பவரின் வழக்கில் அக்குழு அவருக்குச் சாதகமாகச் சொன்னதை வைத்து இங்கே நிவாரணம் கேட்டபோது, இலங்கை அந்த வழியில் இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு பிழை என்பது என் அபிப்பிராயம். என் அபிப்பிராயத்தால் உங்களுக்குப் பயனில்லை. எப்படியும் உள்நாட்டு வழிகளை முயன்று பார்த்துவிட்டு வா என்றுதான் அங்கேயும் கேட்பார்கள்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் காசு தேவையில்லை, சட்டத்தரணி கட்டாயமில்லை, தமிழில் எழுதலாம். இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவர்கள் தருவது பரிந்துரை, தீர்ப்பு இல்லை. பல குடும்பங்களுக்கு அதுவே போதுமாக இருந்திருக்கிறது. கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள் என்றதும் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும், நிற்கவில்லை என்று சொன்னவர்களையும் தெரியும்.

உயர் நீதிமன்றம் கொழும்பில் மட்டும்தான். முதலில் மனுவை விசாரணைக்கு ஏற்பதா என்று பார்ப்பார்கள், அதிலேயே பல மனுக்கள் நின்றுவிடும். ஏற்றால் வருடங்கள் எடுக்கும். ஒவ்வொரு தவணைக்கும் மகள் இரவு பஸ் ஏற வேண்டியதில்லை. செலவுக்கு யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள். வழக்குப் போட்டால் பிள்ளைக்கு அரச வேலை கிடைக்காது, வெளிநாடு போக முடியாது என்று பயப்படுகிறீர்கள். இந்த மனுவில் உங்கள் மகள் மனுதாரர், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் இல்லை. குற்றப் பதிவு எதுவும் இதனால் வராது. ஆனால் விசாரிக்க ஆட்கள் வருவது சில காலம் கூடலாம். அதை நான் ஒளிக்க விரும்பவில்லை. திரும்பவும் கூப்பிட்டால் யார், எந்தப் பிரிவு, எதற்காக என்று கேட்டு எழுதி வையுங்கள், சட்டத்தரணியோடு போங்கள். பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி தோன்றுவதற்கு 2012இலிருந்து விதியே இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயர் சொல்லி யாரையாவது உண்மையிலேயே பிடித்தால், பிடித்தவர்கள் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். நீங்களும் உடனே ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

என்னைக் கேட்டால், ஆணைக்குழுவில் முறைப்பாடு, நீதவான் நீதிமன்றத்தில் கைப்பேசிக்கு விண்ணப்பம், இரண்டும் இந்த வாரம். உயர் நீதிமன்ற மனுவைக் கெடுவுக்கு ஐந்து நாள் முந்தி ஆயத்தமாக்கி வைத்துக்கொண்டு, அப்போதுள்ள நிலைமையைப் பார்த்துப் போடுவதா என்று முடிவெடுக்கலாம். மணல் விஷயத்தையும் விட்டுவிட வேண்டாம். அந்தக் கரையில் அள்ள யாருக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்தீர்கள் என்று புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்திடம் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அனுமதியே இல்லை என்று எழுத்தில் வந்தால், உங்கள் மகள் ஒலிவாங்கியில் சொன்னதை அரசாங்கத் திணைக்களமே சொன்னதாகிவிடும்.

கடைசியாக ஒன்று ஐயா. எட்டுப் பக்கத்தில் மகள் என்ன நினைக்கிறார் என்பது ஒரே வரியில்தான் இருக்கிறது. அவருக்கு 22 வயது. மனுவிலும் சத்தியக்கடதாசியிலும் அவர் பெயரும் அவர் கையெழுத்தும்தான் வரும், உங்களுடையது வராது. போடுவதா விடுவதா என்று சொல்ல வேண்டியவர் அவர். வியாழக்கிழமை காலை அலுவலகத்துக்கு வருவதாகச் சொன்னீர்கள். கொப்பி, பதிவுத் தபால் துண்டு, அந்த முகநூல் பதிவின் பிரதி, மூன்றையும் எடுத்துக்கொண்டு மகளையும் கூட்டி வாருங்கள். நீங்களும் வீட்டுக்காரியும் கூட இருக்கலாம், ஆனால் முதல் அரை மணித்தியாலம் நான் அவரோடுதான் பேசுவேன்.